ரெம்பாவ் மாப்பிள்ளைகளைப் பற்றி ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வாழும் மினாங்கபாவ் மக்களின் கல்யாண முறை பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் பசியாறும்போது படித்தேன். படித்து முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. அங்கே பெண்கள்தான் ஆளுகிறார்களாம். ஆண்கள் மனைவி வீட்டுச் சோற்றுக்குக் காத்துக் கிடக்கிறார்களாம். அந்தப் பழக்கம் நம்மிடம் தொற்றினால் தமிழ்க் குடும்பம் சிதறிவிடுமாம். "அப்படியானால் ஆண்பிள்ளை எங்கேதான் போவான்?" என்று கேட்டு முடித்திருந்தார். அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நான் 1974-இல் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை நெகிரி செம்பிலானில் நில அலுவலக வேலையே பார்த்தவள். அதில் பெரும்பகுதி கோல பிலா பக்கம். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். மினாங்கபாவ் என்றால் அரும்பொருளகத்தின் கொம்புக் கூரையும் ரெண்டாங்கும் மட்டுமே நினைவுக்கு வருபவர்களுக்கு, அவர்களுடைய நிலப் பதிவேட்டைப் புரட்டியவள் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

இவர்களுடைய பூர்வீகம் மேற்கு சுமத்ரா. அங்கிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து ரெம்பாவ், கோல பிலா, ஜெலபு, தம்பின் பக்கங்களில் வயல் வெட்டிக் குடியேறினார்கள். கொண்டுவந்த வழக்கத்துக்கு இங்கே அடாட் பெர்பாத்தே என்று பெயர். நெகிரி செம்பிலானில் அவர்கள் 12 குலங்கள். குலத்தை சூக்கு என்பார்கள். பிள்ளைக்கு அம்மாவின் சூக்குதான். அப்பாவின் சூக்கு ஒட்டாது. ஒரே சூக்குக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது.

இனி நிலத்துக்கு வருகிறேன். நான் கண்ணால் பார்த்தது அதைத்தான். 1909-இல் ஆங்கிலேயர் காலத்தில் வழக்கநிலத்துக்கென்றே நெகிரி செம்பிலானில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் வரும் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இது வழக்கநிலம் என்ற குறிப்பு இருக்கும். அப்படிக் குறிப்பு ஏறிய வயலையும் வீட்டுமனையையும் நினைத்தவருக்கு விற்க முடியாது. சொந்த சூக்குப் பெண்களுக்குத்தான் முதல் உரிமை. குலத்தலைவரான லெம்பாகா ஒப்பாமல் பெயர் மாறாது. உரிமையாளர் இறந்துவிட்டால் பெயர் மகள்களுக்குப் போகும்.

இறந்தவரின் சொத்து விசாரணை நடக்கும் நாள்களை மறக்க முடியாது. முன்வரிசையில் மகள்கள், பக்கத்தில் தலையில் சொங்கோக் தொப்பி வைத்த லெம்பாகா, பின்னால் சுவரோரம் மகன்கள். அதிகாரி கேட்பார்; லெம்பாகா வம்சாவளியை ஒப்பிப்பார், எந்த வயிற்றில் யார், அவள் வயிற்றில் யார் என்று. காகிதம் எதையும் பார்க்க மாட்டார். நான் எழுதிக்கொண்டே போவேன், கை வலிக்கும். லோரி ஓட்டும் மகன் ஒருவர் வந்திருந்தார். அம்மாவின் நிலத்தில் டுரியான் கன்று நட்டு வளர்த்தவர் அவர்தான். தங்கை சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். முடிவு என்ன ஆயிற்று என்றால், கிராண்டில் தங்கை பெயர். அவருக்கு உயிரோடிருக்கும் வரை அந்த மரங்களின் பழம். கொஞ்சமும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டார். "நான் இருப்பது பெண்டாட்டி வீட்டில். டுரியான் காலத்தில் வந்து போனால் போதும்" என்றார். இது ஆணுக்கு அவமானம் என்று அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் இதைப் பெண்ணாட்சி என்று சொல்ல முடியாது. பேச்சு முழுக்க ஆண்களுடையது. குடும்பத்தில் தாய்மாமன், அவருக்கு மேலே குலக் கிளையின் தலைவரான புவாப்பாக், அதற்கு மேலே லெம்பாகா, உச்சியில் வட்டாரத் தலைவரான உண்டாங். எல்லாரும் ஆண்கள்தான். சுங்கை ஊஜோங், ஜெலபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு இடத்து உண்டாங்குகள் சேர்ந்து மாநிலத்தின் அரசரான யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1773-இல் சுமத்ராவின் பகாருயோங்கிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்து ஆட்சியில் அமர்த்தியதிலிருந்து தொடங்குவது அந்த வரிசை. இதில் வேடிக்கை, அந்த அரச குடும்பம் மட்டும் தகப்பன் வழி! நாம் தினமும் எண்ணும் ரிங்கிட் தாளில் இருப்பவர் அந்த வம்சத்து துவாங்கு அப்துல் ரஹ்மான். 1957-இல் நாட்டின் முதல் பேரரசர் ஆனவர். ஆக, நிலமும் வீடும் பெண்கள் பெயரில். சபையில் பேசுவது அவர்களுடைய சகோதரர்கள். அண்ணன் தங்கச்சியின் நிலத்துக்குக் காவல். அதை விற்றுச் சாப்பிட அவனுக்கு வழியில்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் முன்பு இருந்த மருமக்கள்வழியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. தேடியவன் செத்ததும் அவன் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நின்றார்கள். திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டுத்தான் அதை மாற்றியது. ரெம்பாவில் அந்த நிலை வராது. புருஷன் செத்தாலும் ஓடினாலும் அவள் நிற்பது தன் அம்மாவின் வீட்டில்.

சரி, அந்தப் புருஷன் யார்? அவருக்கு ஓராங் செமெண்டா என்று பெயர். பெண் எடுத்து வந்தவர். அடாட் பழமொழிகள் அவரை விட்டுவைக்கவில்லை. செமெண்டா கெட்டிக்காரன் என்றால் கூடிப் பேச ஆள். மடையன் என்றால் வேலை ஏவ ஆள். காது கேளாதவன் என்றால் வெடி கொளுத்த. நடக்க முடியாதவன் என்றால் நெல்லுக்கு வரும் கோழியை விரட்ட. கோல பிலாவில் என்னோடு வேலை பார்த்த மலாய் நண்பர் மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று நாள் கிடாரம் கழுவிவிட்டு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சுமத்ராவில் இன்னும் கடுமையாகச் சொல்வார்கள்: மரத்தின் அடிக்கட்டைமேல் படிந்த சாம்பல்தான் மாப்பிள்ளை, காற்றடித்தால் போய்விடுவான் என்று.

வாசகர் இதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார். மற்றப் பாதி: அதே ஆள் தன் அக்கா தங்கச்சி வீட்டில் மாமாக், அதாவது தாய்மாமன். அங்கே அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை. மருமகன் படிப்பு, மருமகள் கல்யாணம், வயல் வரப்புச் சண்டை எல்லாம் அவரைக் கேட்டுத்தான். சொந்தப் பிள்ளையை மடியில் வை, அக்காள் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்து என்பது மினாங்கபாவ் பழமொழி. காதுகுத்துக்கு மாமன் மடி தேடுகிற நமக்கா இது புரியாது? மேற்கு சுமத்ராவின் பழைய பெரிய வீடுகளில் அறைகள் மகள்களுக்குத்தான். பையன்கள் வளர்ந்ததும் இரவில் சூராவ் என்கிற தொழுகைக் கூடத்தில் போய்ப் படுப்பார்கள், பிறகு ஊரை விட்டுப் பிழைக்கக் கிளம்புவார்கள். மெரந்தாவ் என்கிற அந்தப் பயணம் அவர்களைக் கோலாலம்பூர் வரை கொண்டுவந்தது. சௌகிட்டில் ஹாஜி தாயிப் சாலை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அந்த ஹாஜி முகமது தாயிப் மினாங்கபாவ் வியாபாரிதான். ஆண்பிள்ளை எங்கே போவான் என்று கேட்டவருக்கு இந்த ஊரின் தெருப்பலகையே ஒரு பதில்.

கல்யாணத்துக்கு யார் யாரைக் கட்டலாம் என்பதில் நாமும் அவர்களும் ஏறக்குறைய ஒரே கணக்கு. அக்கா தங்கச்சி பிள்ளைகள் ஒரே சூக்கு; ஆகவே உடன்பிறந்தவர்கள் மாதிரி, கட்டக்கூடாது. மாமன் மகள் வேறு சூக்கு. சுமத்ராவில் அவளைக் கட்டுவதைத்தான் மெச்சுவார்கள். தமிழ்நாட்டில் சிலர் அக்காள் மகளையே கட்டுகிறார்களே, அது மட்டும் அங்கே நினைத்தும் பார்க்க முடியாதது. அவர்களுடைய இஸ்லாமிய மார்க்கமும் தடுக்கிறது, குலமும் தடுக்கிறது. மட்டக்களப்புத் தமிழர்களிடமும் குடி தாய்வழிதான், ஒரே குடிக்குள் சம்பந்தம் இல்லை. இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று எழுதியவர் மட்டக்களப்பு வரை ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

வெளியாள் சம்பந்தம் பண்ணினால்? இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குலம் இல்லாத பெண்ணோ ஆணோ கல்யாணமாகி உள்ளே வந்தால், துணைவரின் சூக்கு தவிர்த்த வேறொரு சூக்கில் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். பெர்கெடிம் என்று சடங்கு. விருந்து உண்டு, லெம்பாகா சாட்சி. உறவுக்கு மட்டும் சேர்ப்பது ஒன்று, சொத்துரிமையோடு சேர்ப்பது இன்னொன்று. பஹாவ் பக்கம் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இப்படிப் போனாள். மதம் மாறிவிட்டாள் என்று அவளைப் பெற்றவர்கள் வாசல் கதவைச் சாத்தினார்கள். அங்கே அவளுக்கு ஒரு தாயும், அண்ணன்மார் இரண்டு பேரும், சண்டை வந்தால் கேட்க ஒரு லெம்பாகாவும் கிடைத்தார்கள். ஆடு வெட்டி விருந்து வைத்தார்களாம். சரி தவறு என்ற வழக்குக்கு நான் போகவில்லை. கட்டியவன் அடித்தால் அவள் ஓடிப்போக ஒரு வீடு வேண்டும் என்பதை முதலில் யோசித்தது யார் என்றுதான் பார்க்கிறேன்.

வரதட்சணை பற்றியும் வாசகர் தொட்டிருந்தார், அவர்களிடமும் உண்டு என்று. உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சுமத்ராவின் பாரியமான் கடற்கரையில் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பணம் கொடுத்து அழைத்து வருவார்கள்; உவாங் ஜபுய்க். சீடி, பகிண்டோ என்று பரம்பரைப் பட்டம் உள்ள பையனுக்கு விலை கூடும், டாக்டர் மாப்பிள்ளைக்கு நம்மிடம் கூடுவது மாதிரியே. ஒரு வித்தியாசம்: அந்தப் பணத்துக்கு ஈடாக, மணப்பெண் மாமியாரைப் பார்க்கப் போகும்போது நகையாகவோ வேறு பொருளாகவோ திருப்பிச் செய்வது மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதை. குறைத்துச் செய்தால் ஊர் பேசும். இதோடு உவாங் ஹீலாங் என்று இன்னொன்றும் வந்து சேர்ந்தது. கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பாது. அதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு. நெகிரி செம்பிலானில் நான் பார்த்தது நேரெதிர். பையன் வீட்டார்தான் மோதிரத்தோடு பெண் கேட்டு வருவார்கள்.

முறிந்துபோனால் என்ன செய்வது என்பதும் கல்யாணத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். "சாரியான் பாகி, டாபாதான் திங்கல், பெம்பாவா கெம்பாலி" என்று லெம்பாகாக்கள் ராகம் போட்டே சொல்வார்கள். சேர்ந்து தேடியது பாதிப் பாதி. பெண்ணுடையது பெண்ணிடம் தங்கும். புருஷன் கொண்டுவந்தது அவனோடு திரும்பும். முதல்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்து வம்சம். எங்கள் அம்மம்மா இதையேதான் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்பார். 1707-இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அந்த மூன்றும் உண்டு. அம்மாவின் சீதனம் மகளுக்கு. அப்பாவின் முதுசம் மகனுக்கு. சீதனம் என்றால் வீடு, வளவு, தோட்டக்காணி. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார், யாரும் அவரை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்ததில்லை. எங்களிடம் ஒரே குறை, அந்தக் காணியை விற்க அவள் புருஷனின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ரெம்பாவ்க்காரிக்கு அது வேண்டாம். அவள் தன் குலத்தைக் கேட்டால் போதும்.

பிறகு என்ன ஆனது? எங்கள் தாத்தா மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்தார். அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள். காணி கடலுக்கு அப்பால், கல்யாணம் கோலாலம்பூர் செந்தூலில். வளவைக் கப்பலில் ஏற்ற முடியாதே, காசாக்கினார்கள். காசு பெண்ணின் கையில் தங்கவில்லை, மாப்பிள்ளையின் தகப்பன் கைக்குப் போய்விட்டது. சீதனம் என்ற பெயர் மட்டும் அப்படியே. என் அத்தை ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்றும் குடும்பத்தில் பேசுவார்கள். அவர் விதவையானபோது அதில் ஒரு காசு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தம்பிகள் வீட்டில் மாறி மாறி இருந்து முடித்தார். மினாங்கபாவ் பெண்களும் கடல் கடந்தவர்கள் வழிதான். அவர்கள் வந்த இடத்தில் முதலில் வயல் வெட்டினார்கள், நாம் சம்பளத்துக்கு வந்தோம். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

அந்த ஏற்பாட்டிலும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். புருஷன் தன் சம்பளத்தில் மனைவியின் வழக்கநிலத்தில் செங்கல் வீடு கட்டுவான். விலகும்போது செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டா போவான்? அப்படிப்பட்டவர்களின் புலம்பல் கவுண்டரில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒரே வயலுக்கு மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று கிராண்டில் பெயர் பெருகிப் பெருகி, பாதிப்பேர் கோலாலம்பூரில். வயல் லாலாங் புல் முளைத்துக் கிடக்கும். வங்கி அதை அடமானத்துக்கு எடுக்கத் தயங்கும். மார்க்கத்தின் பாகப்பிரிவினைக்கு இது முரண் என்ற வாதமும் பழையது. 1951-இல் ரெம்பாவில் அது பெரிதாக வெடித்தபோது, வழக்கத்தை ஒழித்தால் புருஷனை விட்டுவிடுவோம் என்று பெண்கள் கிளம்பினார்கள். வழக்கம் பிழைத்துக்கொண்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? சட்டம் ஏற்கனவே நடுவழி வரை வந்துவிட்டது. 1982 முதல் நடப்பில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தில், முஸ்லிம் அல்லாத தம்பதியர் விலகும்போது சேர்ந்து தேடியதைப் பிரித்துக்கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றத்தில் ஹார்த்தா செபென்சாரியான். இவை தேட்டத்துக்கு மட்டும். பெற்றோர் கொடுப்பது எங்கே தங்க வேண்டும் என்பதைச் சட்டம் நமக்குச் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பு கிராண்டில் யார் பெயரைப் போடுகிறோம் என்பதுதான் சொல்லும். இருபத்தைந்து பவுன் நகையும் மண்டப வாடகையும் கேட்டரிங்கும் கணக்குப் பாருங்கள். காஜாங்கிலோ ரவாங்கிலோ ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் அதில் இருக்கிறது.

என் தம்பி மகளுக்கு தையில் கல்யாணம். பையன் வீட்டார் "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று இந்தப் பத்திரிகை படிக்கும் எல்லாருக்கும் தெரியும். தம்பி கார் கடைக்கே போய் விலை விசாரித்துவிட்டான். கார் வேண்டாம், அந்தக் காசை வீட்டு முன்பணமாக்கு, அவள் பெயரில் மட்டும் எழுது, மாதக் கடனைக் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கட்டட்டும், அது தேடிய தேட்டம் என்று சொல்லியிருக்கிறேன். தம்பி அதை அப்படியே சம்பந்தி வீட்டில் சொன்னானாம். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அலுவலக எழுத்தர்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.
(தம்பி வீட்டுக் கல்யாணம் முடியும் வரை பெயரை வெளியிட வேண்டாம்.)